குறட்டையும் ஒரு காற்றுப்பெட்டியும்

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான எமது கரையோரத்தில் குறட்டை என்பது நெடுங்காலமாக நல்லுறக்கத்தின் அடையாளமாகவே கொள்ளப்பட்டு வந்திருக்கிறது. வேளாண்மை வெட்டிக் களைத்தவர் குறட்டை விட்டால் அசதி என்பார்கள். ஹாஜியார் ஜும்ஆப் பிரசங்கத்தின் நடுவே கண்ணயர்ந்தால் வயது என்பார்கள். இவ்விரண்டும் ஒரே நோயின் இரவு முகமும் பகல் முகமுமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அண்மைக் காலத்தில்தான் எம்மவரிடையே பரவத் தொடங்கியுள்ளது. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில், வயல்வெளிகள் சூழ அமைந்த மாவடிப்பள்ளி போன்ற ஊர்களிலும் 'சி-பாப்' என்ற பெயர் இன்று காதில் விழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வாப்பாவுக்கு அனுப்பிவைக்கும் பொருட்களில் அந்தக் காற்றுப்பெட்டியும் ஒன்றாகிவிட்டது. அதன் வரலாற்றை அறிந்தவர் அதனை வாங்கும்போது ஏமாறுவது குறைவு என்பதனாலேயே இக்கட்டுரை.

முதலில் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சுவாசப்பாதை ஒடுங்கும்போது குறட்டை எழுகிறது. முற்றாக மூடிக்கொள்ளும்போது மூச்சே நின்றுவிடுகிறது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்கிட்டு விழித்துத் தசைகளை இறுக்குகிறது. பாதை திறக்கிறது, மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. பத்து விநாடிகளோ அதற்கு மேலோ நீடிக்கும் இத்தகைய தடைகளும் பகுதித் தடைகளும் மணித்தியாலத்திற்கு 5 முதல் 15 வரை ஏற்பட்டால் இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, 30க்கு மேற்பட்டால் கடுமையானது என்று வகைப்படுத்துவர். நோயாளிக்கோ காலையில் எதுவும் நினைவிருப்பதில்லை. பக்கத்தில் படுத்திருந்தவரே சாட்சி.

மருத்துவத்துக்கு முன்னரே இலக்கியம் இந்த நோயாளியைக் கண்டுகொண்டது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் வரும் ஜோ என்ற பருத்த சிறுவன் நின்ற நிலையிலும் உறங்குபவன். 1956இல் அமெரிக்க வைத்தியர் பர்வெல்லும் அவரது சகாக்களும் மிகை உடற்பருமனும் பகலுறக்கமும் சேர்ந்த நிலையை விவரித்தபோது அதற்கு 'பிக்விக்கியன்' என்றே பெயரிட்டனர். அவர்களது நோயாளி, சீட்டாட்டத்தில் வெல்லக்கூடிய சீட்டுகள் கையில் இருந்தும் அப்படியே உறங்கிப்போனவர். ஆயினும் இரவில் என்ன நடக்கிறது என்பதை எவரும் அளந்து பார்க்கவில்லை. 1965இல் பிரான்சின் மார்செய் நகரில் கஸ்தோவின் குழுவும், ஜேர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் தனித்தனியே உறங்கும் நோயாளியின் சுவாசத்தைப் பதிவுசெய்தபோதுதான் மூச்சு நிற்பது வெளிப்பட்டது.

நோய் தெரிந்தது, மருந்து இல்லை. 1969இல் கூலோவின் குழு அறிவித்த சிகிச்சை, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்கு நேர்வழி அமைப்பது. பகலில் துளையை அடைத்துக்கொள்ள வேண்டும். இரவில் திறந்துவிட வேண்டும். அது பலனளித்தது. ஆனால் அந்த வாழ்வை விரும்பி ஏற்பவர் யார்?

1980 ஜூன் மாதம் சிட்னியில் அப்படி விரும்பாத ஒரு கட்டடத் தொழிலாளியே வரலாற்றைத் திருப்பினார். கழுத்தில் துளையிட மறுத்த அவர், வைத்தியர் கொலின் சலிவனின் பரிசோதனைக்கு ஓர் இரவு உடன்பட்டார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு, உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதவைத்து, அந்தக் காற்றை மூக்கு வழியே செலுத்துவதே சலிவனின் உபாயம். காற்றின் அமுக்கம் போதிய அளவை எட்டியதும் அடைப்பு நின்றது. அமுக்கத்தைக் குறைத்ததும் திரும்பியது. தொண்டை இடிந்து விழாதபடி உள்ளே காற்றாலான ஒரு முட்டுக்கால் கொடுத்ததைப் போன்றது அது. ஐந்து நோயாளிகளின் முடிவுகள் 1981 ஏப்ரலில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின.

அடுத்து வந்த ஆண்டுகளின் போராட்டம் பெரும்பாலும் முகமூடியோடு நடந்தது என்பதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொருவரது மூக்குக்கும் அச்செடுத்து முகமூடி செய்தார்கள். காற்றுக் கசியாதிருக்க அதனை இரவுதோறும் பசையால் முகத்தில் ஒட்டினார்கள். பெட்டியோ பெரும் இரைச்சலிட்டது. 1985இல் அமெரிக்காவின் ரெஸ்பிரோனிக்ஸ் நிறுவனம் கருவியை வணிகமாக்கியது. சலிவனின் கண்டுபிடிப்பை முன்னெடுத்து 1989இல் தொடங்கிய அவுஸ்திரேலிய நிறுவனமே பின்னாளில் ரெஸ்மெட் ஆனது. பெட்டி சிறுத்தது, இரைச்சல் அடங்கியது, மெல்லிய சிலிக்கன் விளிம்புள்ள முகமூடிகள் வந்தன.

இரைச்சலை அடக்கிய அதே முயற்சியில்தான் பிற்கால விபத்தின் வித்தும் இருந்தது. 2008இல் ரெஸ்பிரோனிக்ஸை வாங்கிய நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியை அடக்க இயந்திரத்தினுள் பொலியூரித்தேன் நுரைப்பஞ்சைப் பயன்படுத்தியது. அப்பஞ்சு சிதைந்து துகள்களும் வாயுக்களும் பாவனையாளரின் சுவாசத்தில் கலக்கக்கூடும் என்று 2021 ஜூன் 14 அன்று அந்நிறுவனமே அறிவித்தது. 2021 ஏப்ரல் 26க்கு முன் தயாரான, முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மாதிரிகள் திரும்பப் பெறப்பட்டன. உலகளவில் அவற்றின் எண்ணிக்கை சுமார் 55 இலட்சம். அபாயம் பெரிதல்ல எனத் தனது பிந்திய சோதனைகள் காட்டுவதாக நிறுவனம் கூறியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அச்சோதனைகள் போதா என்றது. 2024 ஏப்ரலில் அமெரிக்க வழக்குகளைத் தீர்க்க 110 கோடி டொலர் வழங்க நிறுவனம் இணங்கியது.

இச்செய்தியில் எமது பிரதேசத்தவர் ஊன்றிப் படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. ஓசோன் வாயுவால் சுத்தம் செய்வதோடு, மிகுந்த வெப்பமும் ஈரப்பதனும் கூட அந்த நுரைப்பஞ்சின் சிதைவுக்குத் துணைபோகலாம் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெக்கையையும் மாரிகாலத்தின் ஈரத்தையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. திரும்பப்பெறும் அறிவித்தல் பதிவுசெய்த உரிமையாளரைத்தான் தேடிச் செல்லும். கைமாறி, கடல் கடந்து, அன்பளிப்பாக வந்த பெட்டியின் உரிமையாளரை அது தேடி வராது. ஆகவே பாவித்த இயந்திரம் கிடைத்தால் மாதிரியின் பெயரையும் தொடரிலக்கத்தையும் தயாரிப்பு நாளையும் நாமே பார்த்து, திரும்பப் பெறப்பட்டவற்றுள் அடங்குகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். ஏற்கெனவே அத்தகைய ஒன்றைப் பாவிப்பவர் அச்சத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடாமல், வைத்தியரிடம் மாற்றுவழி கேட்பதே முறை.

புதிதாக வாங்குவோர் கடைக்குப் போகுமுன் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறட்டை விடும் அனைவருக்கும் இந்நோய் இல்லை. நோயுள்ள அனைவருக்கும் ஒரே அமுக்கமும் பொருந்தாது. வழக்கமான கருவிகள் 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீர் அமுக்கம் வரை தருகின்றன. ஒரே அளவில் ஊதுபவை ஒரு வகை. மூச்சுக்கு மூச்சு தேவையறிந்து கூட்டிக் குறைக்கும் தானியங்கிகள் மற்றொரு வகை. இதய, நுரையீரல் நோயுள்ளவர்களுக்குத் தானியங்கி எப்போதும் பொருந்துவதில்லை. அத்தீர்மானம் வைத்தியருடையது.

பெட்டிக்கு ஒதுக்கும் கவனத்தில் பாதியையாவது முகமூடிக்கு ஒதுக்குங்கள். அணிந்து, படுத்து, புரண்டு பார்த்து, பொருந்தாவிட்டால் மாற்றித் தருவாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். தாடி வைத்திருப்போருக்கு முகத்தை மூடும் வகை காற்றைக் கசியவிடும். நாசித்துவாரங்களில் மட்டும் பொருந்தும் சிறுவகை அவர்களுக்கு ஏற்றது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவான கருவியா, உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா, வடிகட்டியும் குழாயும் தொடர்ந்து கிடைக்குமா என்பனவும் கேட்க வேண்டியவை. வட அமெரிக்காவிலிருந்து வருவதாயின் 230 வோல்ற்றை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். சூட்டு ஈரமூட்டியில் கிணற்று நீர் ஊற்றினால் சுண்ணாம்பு படியும். காய்ச்சி வடித்த நீரே உகந்தது.

மின்வெட்டை மறந்துவிட முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாடு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டது. எமது பகுதியில் வெள்ளக் காலமும் மின்சாரத்தைப் பறிக்கும். 12 வோல்ற் பற்றரியில் இயங்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஈரமூட்டியை நிறுத்திவிட்டால் பற்றரி பல மடங்கு நேரம் தாக்குப்பிடிக்கும். எமது ஈரக்காற்றில் பலருக்கு அது அவசியப்படுவதும் இல்லை.

இக்கருவி சர்வரோக நிவாரணி அன்று. இதயநோயோ மூளைக்குருதிக்குழாய் நோயோ இருந்த 2,717 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, சி-பாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகக் காட்டவில்லை. ஆனால் பகலுறக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. அவர்கள் இரவொன்றுக்குச் சராசரியாக 3.3 மணித்தியாலமே அதனை அணிந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2024 டிசம்பரில் உடற்பருமனுள்ள நோயாளிகளுக்கு டிர்செபடைட் என்ற ஊசிமருந்தை அமெரிக்கா அங்கீகரித்தது. எடைக்குறைப்பு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

சிட்னியில் அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்தது தூசி உறிஞ்சியின் மோட்டார்தான். ஆனால் அவரருகே விடியும்வரை விழித்திருந்து அமுக்கத்தைச் சரிபார்க்க ஒரு வைத்தியர் இருந்தார். இன்று விலையுயர்ந்த பெட்டி எளிதாக வந்து சேர்கிறது. அந்தக் கவனிப்புத்தான் கூட வருவதில்லை. வாப்பாவுக்குப் பெட்டி அனுப்பும் பிள்ளைகள், அவரை முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவும், முதல் சில வாரங்கள் முகமூடியோடு அவர் படும் பாட்டைக் கேட்டறியவும் ஊரில் ஒருவரை ஏற்பாடு செய்யட்டும். அது இல்லையேல் அலுமாரியின் மேல் தூசி படியும் பொருட்களில் இன்னொன்று கூடும். வாப்பாவின் மூச்சு இரவுதோறும் முன்போலவே நின்று நின்று வரும்.