சிம்சிட்டிக்காக வளைந்து கொடுத்த விண்டோஸ் 95

1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு பெரிய கவலை. ஜனங்கள் ஏற்கனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் மென்பொருள்கள் இதில் ஓடுமா?

அதைச் சோதித்த கதையை அந்தக் குழுவில் இருந்த ரேமண்ட் சென் பின்னாளில் எழுதியிருக்கிறார். மேலாளர் தன் பிக்கப் வண்டியில் எக்ஹெட் என்ற கடைக்குப் போய், அங்கே விற்ற பி.சி. மென்பொருள் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வாங்கி வந்தார். குழுவில் ஆளுக்கு இரண்டு. சாதாரண ஆள் மாதிரி பயன்படுத்திப் பார்த்து, சின்னக் கோளாறைக்கூட எழுதிக் கொடுக்க வேண்டும். கூலி? கடைசியில் அந்த மென்பொருள் அவர்களுக்கே சொந்தம்!

வேடிக்கை என்னவென்றால், தப்பு பல சமயம் விண்டோஸில் இல்லை. சிம்சிட்டி விளையாட்டு, 'இனி வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்த நினைவகத்தையே மறுபடி படித்தது. காலி செய்த வாடகை வீட்டுக்குள் மறுநாளும் போய்ப் படுப்பது மாதிரி. பழைய விண்டோஸில் அந்த இடத்துக்கு உடனே வேறு யாரும் குடிவராததால் பிழைத்தது, புதியதில் விழுந்தது. மைக்ரோசாஃப்ட் சிம்சிட்டியைத் திட்டவில்லை. அது ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் மட்டும் நினைவகத்தை வேறு விதமாக நடத்தும்படி விண்டோஸையே மாற்றிவிட்டது.

பதிப்பு எண்ணிலும் இதே கூத்துதான். '3.10-ஆவது இருக்கிறதா' என்று பார்க்கும் மென்பொருள்கள் சில, புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைத் தனித்தனியாகப் பார்த்தன. 4.0 என்றால், 0 பத்தைவிடக் குறைவு, ஆகவே 'பழசு'! அதனால் பழைய 16 பிட் மென்பொருள்கள் கேட்டபோது விண்டோஸ் 95 தன்னை 3.95 என்று சொல்லிக்கொண்டது.

இவ்வளவு பணிவு எதற்கு? வியாபாரம்தான். நேற்று வரை ஓடிய கணக்கு மென்பொருள் இன்று நின்றால், வாங்கியவர் திட்டுவது புதிதாக வந்ததைத்தான். ஆயிரம் கணினிகள் உள்ள கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடும் ஒரே ஒரு மென்பொருள் மக்கர் செய்தால் போதும், மொத்த ஆர்டரும் நின்றுவிடும்.

ஆனால் அந்தச் சம்பள மென்பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ அந்த அலுவலகத்துக்கென்றே எழுதியதாக இருக்கும். வண்டி நிறைய வாங்கினாலும் அது சிக்காது. அதனால் கம்பெனிகள் தாங்களே சோதித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் தனிக் கருவிகள் கொடுத்தது. அப்படியும் 2007-ல் விஸ்டா கடைக்கு வந்தபோது பல கம்பெனிகள் எக்ஸ்பியை விட்டு நகரவில்லை. 2009-ல் வந்த விண்டோஸ் 7 உள்ளுக்குள் தன்னை 6.1 என்றே சொன்னது (மறுபடி அதே எண் பயம்!). கூடவே அதன் புரொஃபஷனல் பதிப்புக்கு ஒரு முழு எக்ஸ்பியையே இலவசமாகக் கொடுத்தார்கள், உள்ளே வைத்து ஓட்டிக்கொள்ள.