நவாப் வாங்கிய கடனும் ஜுபைர் (ரலி) விட்டுச் சென்ற கடனும்

தேவதானத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் என்னைக் காண வந்தார். அவருடைய அத்தா மவ்த்தாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் முன்னர் வாங்கியதாகச் சொல்லப்படும் ஒரு கைமாற்றுக் கடனுக்கு, அசலைப் போல் நான்கு மடங்கு கேட்டு இருவர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். "ஹஜ்ரத், அத்தா கடனோடு போய்விட்டார்களோ?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது, அவருடைய ஊர் மண்ணே ஒரு காலத்தில் எவரோ பட்ட கடனுக்காக வாட்டப்பட்டது என் நினைவுக்கு வந்தது.

ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1749 முதல் 1795 வரை பட்டத்தில் இருந்தவர். போர்ச் செலவுக்காகக் கும்பினிக்குக் கட்ட வேண்டிய பணத்தை, அந்தக் கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடமே தனிக்கடனாக வாங்கினார். வட்டி நூற்றுக்கு 20, 25 என்ற அளவிலும் அதற்கு மேலும் சென்றது. ஈடாகக் கொடுத்தது என்ன? சீமைகளின் நிலவரி. விளைவதற்கு முன்பே நெல் கடன்காரனுக்கு எழுதப்பட்டுவிட்டது. பால் பென்ஃபீல்டு என்னும் சிறிய சம்பளக்காரர், 1776இல் தஞ்சையின் வருவாய்மீதும் அங்குள்ள தனியார்மீதும் தமக்கு 2 லட்சத்து 30 ஆயிரம் பவுனுக்கு மேல் பாக்கி உண்டென்று உரிமை கோரினார். அதை ஏற்க மறுத்த சென்னை ஆளுநர் பிகட் பிரபுவை அவருடைய ஆலோசனைச் சபையாரே சிறைப்படுத்தினர். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். கடன் கொடுத்தவன் ஆளுநரையே சிறையில் தள்ளும் காலமாக அது இருந்தது.

தெற்கே இந்தப் பளு பேஷ்குஷ் என்ற பெயரில் இறங்கியது. 1755இல் நவாபின் அண்ணன் மஹ்பூஸ் கானும் கும்பினிப் படையும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்குக் கப்பம் தண்டவே வந்தனர். நெற்கட்டும்செவல் பூலித்தேவரோடு சேத்தூர், கொல்லங்கொண்டான் முதலிய மேற்குப் பாளையங்கள் எதிர்த்து நின்றன. தேவதானம் அந்தச் சேத்தூர்ச் சீமையைச் சேர்ந்தது. கோயிலுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் சொல்லே ஊருக்குப் பெயர். அதைச் சுற்றி வரிக்காகப் படை நடந்ததை எண்ணினால் மனம் கனக்கிறது. 1792 உடன்படிக்கையால் பாளையங்களில் பேஷ்குஷ் தண்டும் உரிமை கும்பினிக்கே போயிற்று. 1798இல் கட்டபொம்மனைக் கலெக்டர் ஜாக்சன் இராமநாதபுரத்துக்கு வரவழைத்ததும் பாக்கிக் கணக்கின் பேரில்தான்.

நவாபின் கடன்களை விசாரணையின்றி ஒப்புக்கொண்ட பிரிட்டிஷ் அமைச்சரவையை எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று பாராளுமன்றத்தில் கடுமையாகச் சாடினார், பயன் விளையவில்லை. 1801இல் கர்நாடக ஆட்சியைக் கும்பினி எடுத்துக்கொண்டது. அதன் பின் எஞ்சிய கடன்களை ஆராய 1805இல் ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஏடுகளைப் புரட்டினர். கேட்கப்பட்ட தொகை 3 கோடிப் பவுனுக்கு மேல். உண்மையென்று தேறியதோ சுமார் 27 லட்சம், அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! மற்றவை போலிப் பத்திரங்களும் வீங்கிய கணக்குகளும் ஆதாரமற்ற கோரிக்கைகளும். 1855இல் கடைசி நவாப் மறைந்தபின் சேப்பாக்கம் அரண்மனையும் கடனுக்காக ஏலத்திற்கு வந்து, அரசே அதை வாங்கியது.

வாலாஜா பள்ளிவாசல்களுக்கு வாரி வழங்கியவர் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் வட்டி வாசல் வழியாக நுழைந்தது குடிகளின் களஞ்சியம் வரை சென்றது.

இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு கடன் தீர்க்கப்பட்டது. ஹிஜ்ரி 36இல், ஜமல் போர் நாளில் ஷஹீதான ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) விட்டுச் சென்ற கடன் 22 லட்சம் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. மக்கள் அமானிதமாகத் தந்ததை அவர்கள் அவ்வாறு ஏற்கவில்லை. தொலைந்துபோனாலும் தாமே பொறுப்பாக வேண்டுமென்று கடனாகவே ஏற்றார்கள். மகன் அப்துல்லாஹ் (ரலி), 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு வாங்கப்பட்டிருந்த அல்காபா நிலத்தை 16 லட்சத்துக்கு விற்றார்கள். 4 லட்சம் வர வேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) தள்ளுபடி செய்ய முன்வந்தும் ஏற்கவில்லை. வாரிசுகள் பாகம் கேட்டபோதும் பிரிக்காமல், நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், ஜுபைர் மீது கடன் உள்ளவர் வரலாம் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். வாரிசே கடன்காரரைத் தேடினார்; வந்தவர் கணக்கைக் காட்டிப் பெற்றுச் சென்றார்.

எனவே அந்தச் சகோதரரிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். அடமானமற்ற கைமாற்றுக் கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் கடந்தால் நீதிமன்றத்தில் வழக்குச் செல்லாது. வாரிசின் பொறுப்பும் பெற்ற சொத்தின் அளவே. ஆகவே அவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம். பழைய கடன் அதனால் புது உயிர் பெறக்கூடும். ஆனால் அத்தா உண்மையிலேயே வாங்கியிருந்தால், காலாவதி என்பது துன்யாவின் கணக்கு மட்டுமே; விட்டுச் சென்ற சொத்திலிருந்து அசலைத் தந்தாக வேண்டும். அத்தாவின் கையெழுத்துள்ள மூலப் பத்திரத்தையும் கட்டிய தவணைகளின் விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள் என்றேன்.

மறு வாரம் அவர் அத்தாவின் பழைய டைரியோடு வந்தார். கடனில் பாதிக்கு மேல் கட்டியதற்கான வரவுகள் தேதியோடு அதில் இருந்தன. மீதி அசலை ஒரு கவரில் எடுத்து வைத்திருக்கிறார். வாசலில் நின்றவர்களோ மூலப் பத்திரத்தை இன்னும் கொண்டுவரவில்லை.