தலைவரை அளக்கும் கோல்: பேராக் மாநிலத் தமிழரின் அரசியல் பட்டறிவு



பீடோர் என்றதும் இன்று நெடுஞ்சாலையில் செல்வோர்க்குக் கொய்யாப் பழம் நினைவுக்கு வரும். நம் தலைமுறையினர்க்கு ஈய வயலும் பால்மரக் காடும் நினைவுக்கு வரும். தேர்தல் நெருங்கினால் லயத்து வாசலில் ஒரு கட்சியின் லோரி வந்து நின்று ஒலிபெருக்கியில் முழங்கும். அது புறப்பட்ட புழுதி அடங்குமுன் மறுகட்சியின் லோரி வந்து நிற்கும். இரண்டும் தமிழ் பேசின. பள்ளி, வீடு, கூலி என்னும் மூன்றையே இரண்டும் பேசின. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் தமக்குள் எழுப்பிய வினாக்கள் இரண்டு. இவர்களுள் யார் பெரியவர்? இவர்களுக்குள் உண்மையான வேறுபாடு என்ன?

அவ்விரு வினாக்களும் இன்றும் நம் வகுப்பறைகளில் எழுகின்றன. விருப்பு வெறுப்பால் விடை சொல்வது எளிது. வரலாற்றைச் சான்றாக வைத்து விடை தேடுவது எப்படி என்பதே இவ்வுரையின் நோக்கம்.

பேராக் மாநிலம் இதற்கு நல்லதோர் ஆய்வுக்களம். வீ. தி. சம்பந்தன் 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தேசியத் தலைவராகவும், அக்காலத்தின் பெரும்பகுதியில் அமைச்சராகவும் இருந்தார். அதே காலத்தில் ஈப்போவில் டி. ஆர். சீனிவாசகம், எஸ். பி. சீனிவாசகம் என்னும் உடன்பிறந்தோர் இருவர் மக்கள் முற்போக்குக் கட்சியை நடத்தினர். இலங்கைத் தமிழ் மரபினரான அவர்கள் பெயர் பெற்ற வழக்குரைஞர்கள். 1953-இல் தோன்றிய அக்கட்சி சிறிது காலம் கூட்டணியோடு இணைந்திருந்து, 1955-இல் விலகியது. 1957-இல் ஈப்போ இடைத்தேர்தலில் டி. ஆர். சீனிவாசகம் வென்று கூட்டரசுச் சட்டமன்றம் புகுந்தார்.

இவ்விரு கட்சிகளுக்கும் வேறுபாடு இருந்ததா? இருந்தது. விடுதலையை ஒட்டிய பேச்சுகளில் மலாய் மொழி தேசிய மொழியாவதையும், மலாய்க்காரர்க்குரிய சிறப்புநிலையையும் ம.இ.கா. ஏற்றது. விடுதலைக்குப் பின் இம்மண்ணில் பிறப்போர் அனைவர்க்கும் குடியுரிமை என்பது அந்த உடன்பாட்டின் மறுபக்கம். மக்கள் முற்போக்குக் கட்சி இதனைப் போதாதென்றது. குடியுரிமையை மேலும் விரிவாகக் கேட்டது. சீனமும் தமிழும் ஆட்சிமொழித் தகுதி பெற வேண்டும் என்றது. ஒரு கட்சி மேசையில் அமர்ந்து கிடைத்ததைப் பெற்றது. மற்றொன்று மேசைக்கு வெளியே நின்று கிடைக்காததைக் கேட்டது. இங்கே இன்னொன்றும் கருதத்தக்கது. தமிழர் தலைமையேற்ற அம்முற்போக்குக் கட்சிக்குப் பெருமளவில் வாக்களித்தவர்கள் ஈப்போ வட்டாரச் சீனர்கள். தலைவரின் இனத்தை வைத்துக் கட்சியின் இயல்பை முடிவுசெய்வோர் இவ்வோர் எடுத்துக்காட்டிலேயே இடறி விழுவர்.

பின்பு நிகழ்ந்ததைப் பாருங்கள். 1969 மார்ச்சில் டி. ஆர். சீனிவாசகம் மறைந்தார். மே 10-இல் நடந்த தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களுள் கூட்டணிக்கு 19 இடங்களே கிடைத்தன; மக்கள் முற்போக்குக் கட்சி 12 இடங்களை வென்றது. மே 13 கலவரத்தால் நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. 1972-இல் அக்கட்சி பேராக்கில் கூட்டணியோடு சேர்ந்து ஆட்சியமைத்தது. தொடர்ந்து தேசிய முன்னணியில் உறுப்பினரானது. 1974 தேர்தலில் அது பெருந்தோல்வி கண்டது. அதன் வாக்குகளில் பெரும்பகுதி ஜனநாயகச் செயல் கட்சிக்குச் சென்றது. எஸ். பி. சீனிவாசகம் மறு ஆண்டு காலமானார். தலைவர் மறைந்ததால் கட்சி வீழ்ந்தது என்பார் உளர். அது முழு விடையாகாது. தலைவர் மறைந்து இரு திங்கள்கூடக் கழியாத அந்த மே மாதத்திலேயே கட்சி 12 இடங்களை வென்றதன்றோ! வேறுபாடு மறைந்தபோதுதான் வாக்காளர் விலகினர். இரு கட்சிகளிடையே வேறுபாடு உண்டா என்பதைப் பேராசிரியர்களுக்கு முன்பே அவர்கள் அளந்துவிட்டார்கள்.

இனி, செல்வாக்கை அளக்கும் வினாவுக்கு வருவோம். நாம் முன்வைக்கும் முதல் அளவுகோல், தலைவர் போன பின்னும் நிற்பது எது என்பது. 1950-களில் ஐரோப்பிய நிறுவனங்கள் தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாக விற்றனர். தொழிலாளர் வேலையோடு வீட்டையும் பள்ளியையும் இழந்தனர். அந்நிலையில் 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரராகும்படி தொழிலாளரை அழைத்தார். பால் வெட்டியவர்களின் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. சம்பந்தன் 1979-இல் மறைந்தார். சங்கமும் அதன் தோட்டங்களும் இன்றும் உள்ளன.

1982-இல் அதே ம.இ.கா.வில், ச. சாமிவேலுவின் தலைமையில், மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. அப்போதும் பல்லாயிரவர் தம் சேமிப்பைக் கொடுத்தனர். எதிர்பார்த்த ஆதாயம் வரவில்லை. அம்முயற்சி நீண்ட மனக்கசப்பில் முடிந்தது. கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்ததும் அவர் காலத்தில்தான் என்பதை நேர்மையோடு சேர்த்தே எழுத வேண்டும். இவ்விரு முயற்சிகளும் ஒரே கட்சியின் பெயரால் நடந்தவை. எனவே, இரு கட்சிகளிடையே நாம் தேடும் வேறுபாடு சில நேரங்களில் ஒரு கட்சியின் இரு காலங்களுக்கிடையே அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

இரண்டாவது அளவுகோல், அத்தலைவர் இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பது. 1969-க்குப் பின் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, தோட்டத் தமிழர் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். அரசுக்குள் இருந்தவரால் அதனைத் தடுக்க இயலவில்லை. வெளியே முழங்கியவராலும் இயலவில்லை. ரப்பர் செம்பனையானதும், செம்பனை வீடமைப்புப் பகுதியானதும் எந்தத் தலைவரின் சொல்லையும் கேட்டு நிகழ்ந்தவை அல்ல. சந்தை விலையும் நில மதிப்பும் அவற்றை நிகழ்த்தின. நன்மைக்கெல்லாம் தலைவரைப் புகழ்வதும் தீமைக்கெல்லாம் அவரையே பழிப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

மூன்றாவது அளவுகோல், எதிராளி எதை ஏற்றுக்கொண்டார் என்பது. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி நடந்தது. அதில் ஒலித்த ‘மக்கள் சக்தி’ என்னும் தமிழ்த் தொடரை, அடுத்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில் மலாய்க்காரரும் சீனரும் முழங்கினர். 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைத் தன் கையில் வைத்திருந்த சாமிவேலு, 2008 மார்ச் 8-இல் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்றார். பதவி எதுவும் இல்லாத மக்கள் கூட்டம் ஒன்று நாட்டின் பேச்சையே மாற்றியது. செல்வாக்கு என்பது நாற்காலியைச் சார்ந்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2022 தேர்தலுக்குப் பின் நிலைமை இன்னும் விந்தையானது. பல்லாண்டுப் பகைவர்களான தேசிய முன்னணியும் ஜனநாயகச் செயல் கட்சியும் நடுவணரசிலும் பேராக்கிலும் ஒரே ஆட்சியின் பங்காளிகளாயினர். ‘எல்லாரும் ஒன்றுதானே’ என்று இளைஞர் சலித்துக்கொள்கின்றனர். அச்சலிப்பு இயல்பு, ஆயினும் முடிவாகக் கொள்ளத்தக்கதன்று. ஒன்றாய் அமர்ந்தோர் எதில் ஒத்தனர், எதில் வாய்மூடினர், எதில் இன்னும் வேறுபடுகின்றனர் என்று தனித்தனியே பிரித்துக் கேட்க வேண்டும்.

மொழியியல் துறையில் வாழ்நாளைக் கழித்த நமக்கு இதில் ஒரு கருவி உண்டு. மேடைப் பேச்சின் வினைமுற்றைக் கவனியுங்கள். ‘நிலம் பெற்றுத் தந்தோம்’, ‘மானியம் வாங்கித் தருவோம்’. இவற்றில் வரும் ‘தா’ என்னும் துணைவினை, பேசுபவரைக் கொடுப்பவராகவும் கேட்பவரைப் பெறுபவராகவும் ஆக்கிவிடுகிறது. லயத்துக்கு வந்த இரு லோரிகளும் கொடியில் வேறுபட்டன, இத்துணைவினையில் ஒன்றுபட்டன. கூட்டுறவுச் சங்கத்தில் பத்து வெள்ளி கட்டிய தொழிலாளியோ ‘தோட்டம் வாங்கினோம்’ என்றார். அங்கே எழுவாய் அவரே.

தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. மலாயிலும் ‘கீத்தா’ வேறு, ‘காமி’ வேறு. இந்நாட்டுப் பிள்ளைகள் இரு மொழிகளிலும் இவ்வேறுபாட்டைச் சிறுவயதிலேயே கற்கின்றனர். ‘நாங்கள் செய்து தருவோம்’ என்பவர் கேட்பவரை வெளியே நிறுத்துகிறார்; ‘நாம் செய்வோம்’ என்பவர் உள்ளே அழைக்கிறார். சொல் மட்டும் போதாது என்பது உண்மை. ‘நாம்’ என்று சொல்லி ஏய்ப்போரும் உளர். ஆதலால்தான் சொல்லைச் செயலோடும் காலத்தோடும் ஒப்பிட வேண்டியுள்ளது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தல் அறிக்கைகள் வெளிவரும்போது, கட்சிப் பெயர்களை மறைத்துவிட்டு அவற்றை மாணவர் கையில் கொடுங்கள். எது யாருடையது என்று அவர்களே கண்டறியட்டும். கண்டறிய இயன்ற இடத்தில் வேறுபாடு இருக்கிறது. இயலாத இடத்தில் கொடிதான் வேறு. அதன்பின் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சென்று, முன்பு தந்த வாக்குறுதிகளில் எது நின்றது என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். லயங்கள் மறைந்தன, அங்கு வாழ்ந்தவர்களும் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்கள் அளந்து வைத்த அளவு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டுமானால், இப்போதே கேட்டு எழுதி வைப்போம்.