இறப்பர்த் தடையும் அரிசிப் பானையும்

நோட்டன் பிரிட்ஜ் மலைச்சரிவுகளில் தேயிலை விளையும், நெல் விளையாது. ஆங்குள்ள தொழிலாளர் உலை கடல் கடந்து வந்த அரிசியையே பெரிதும் நம்பியிருந்தது. கொரியப் போரையொட்டி, 1951 மே 18இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சீனத்துக்குப் போர்த்துணைப் பொருள்கள் அனுப்பலாகாதென விதந்துரைத்தது. விதந்துரை உறுப்பு நாடுகளையே சட்டத்தாற் கட்டுப்படுத்தாது. இலங்கையோ 1955 வரை உறுப்பு நாடுமன்று. எனினும் அமெரிக்காவின் பற்றில் சட்டம், அத்தகைய பொருள்களை அனுப்பும் நாடுகளுக்கு உதவி மறுத்தது.

அரிசி விலை ஏறி, இறப்பர் விலை வீழ்ந்த வேளை அது. அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்காவின் முயற்சியால் 1952 டிசம்பரில் சீனத்துடன் ஐந்தாண்டு உடன்படிக்கை உருவாயிற்று: ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி. பசிக்கு வழிதேடியதும் குற்றமாயிற்றுப் போலும். அமெரிக்க உதவி 1956 வரை கிட்டவில்லை. இதனிடையே மானியச் சுமையால் 1953 யூலையில் பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது.