கணினிக்கு எவ்வளவு குளிர் வேண்டும்?

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14, சனிக்கிழமை. பிற்பகல் மணி மூன்றை நெருங்கிக் கொண்டிருந்தது. சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் சேவைகளும் திடீரென்று முடங்கின. ஏடிஎம்மில் அட்டையைச் செருகியவருக்குப் பணம் வரவில்லை. கைப்பேசியில் கட்டணம் செலுத்தப் போனவருக்குச் செயலி திறக்கவில்லை. மறுநாள் விடியும்வரை தடங்கல் நீடித்தது. ஏறத்தாழ 2.5 மில்லியன் பணப் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்றும், வங்கிகளின் மின்னிலக்கச் சேவைக்குள் நுழைய எடுக்கப்பட்ட சுமார் 810,000 முயற்சிகள் பலனளிக்கவில்லை என்றும் அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

கணினியில் யாரும் ஊடுருவவில்லை. வங்கிக் கணினிகள் இருந்த ஈக்குயினிக்ஸ் தரவு நிலையத்தில் குளிரூட்டும் கட்டமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்து கொண்டிருந்தது. அப்போது ஒப்பந்ததாரர் ஒருவர் தவறான கட்டளையை அனுப்பியதில், குளிர்நீரைச் சேமித்து வைக்கும் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. குளிர்நீர் நின்றது, அறையின் வெப்பம் ஏறியது, கணினிகள் நின்றன. இரு வங்கிகளுக்கும் மாற்று நிலையங்கள் இருந்தும், அங்கும் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டதால் உடனே மீள முடியவில்லை. இவ்வளவு பணமும் இவ்வளவு பாதுகாப்பும் கடைசியில் ஒரு தண்ணீர்க் குழாயை நம்பியிருக்கின்றன என்பது அன்றுதான் பலருக்குத் தெரிய வந்தது.

கணினிக்கும் வெப்பத்துக்கும் உள்ள பகை புதிதல்ல. 1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினியில் 17,000க்கும் மேற்பட்ட வெற்றிடக் குழல்கள் இருந்தன. பழைய வால்வு வானொலியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அப்படிப்பட்ட குழல்கள் ஆயிரக்கணக்கில் ஓர் அறையில் எரிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த இயந்திரம் 150 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் குடித்தது. ஒரு கணினிக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். எனவே எனியாக்குடன் கூடவே பெரிய காற்றூதிகளையும் பொருத்தினார்கள்.

பின்னர் வந்த பெரிய கணினிகளுக்குக் காற்று போதவில்லை. 1960களிலேயே ஐபிஎம் தன் பெரிய இயந்திரங்கள் சிலவற்றுக்குள் தண்ணீர்க் குழாய்களை ஓட விட்டது. 1976இல் வந்த கிரே-1 மீத்திறன் கணினிக்கு, குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதைப் போன்ற குளிர்வாயு தேவைப்பட்டது. 1985இல் வந்த கிரே-2 இன்னும் ஒருபடி மேலே போனது. மின்சாரத்தைக் கடத்தாத ஒரு திரவத்தில் அதன் மின்சுற்றுப் பலகைகளை அப்படியே மூழ்க வைத்தார்கள். மீன் தொட்டிக்குள் ஒரு கணினி என்று வைத்துக்கொள்ளலாம்.

1990களில் நிலைமை தலைகீழானது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில்லுகள் வந்தன. தண்ணீர்க் குழாய்களைக் கழற்றிவிட்டு எல்லாரும் காற்றுக்குத் திரும்பினார்கள். ஆனால் பழைய பழக்கம் ஒன்று மட்டும் போகவில்லை. அதுதான் கணினி அறையைப் பனிக்காடாக வைத்திருக்கும் பழக்கம். துளையிட்ட அட்டைகளையும் காந்த நாடாக்களையும் கொண்டு கணினி ஓடிய காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. ஈரம் பட்டால் அட்டை உப்பி இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். அட்டைகள் பழம்பொருளான பிறகும் அறைக்குள் போகிறவர் குளிர்சட்டை மாட்டிக்கொண்டுதான் போனார்.

அந்தக் குளிரும் சரியான இடத்துக்குப் போகவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. கணினி அடுக்குகளைப் பள்ளி வகுப்பறை மேசைகளைப் போல ஒரே திசை பார்த்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முன்வரிசைக் கணினி பின்பக்கமாகக் கக்கிய சூட்டைப் பின்வரிசைக் கணினி மூச்சாக இழுத்தது. ஐபிஎம்மில் பணியாற்றிய ராபர்ட் சல்லிவன் 1990களின் தொடக்கத்தில் எளிய வழியொன்றைச் சொன்னார். வரிசைகளை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு என்று நிறுத்துங்கள் என்றார். ஒரு நடைபாதையில் குளிர்ந்த காற்று, அடுத்ததில் சூடான காற்று. புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை, அடுக்குகளைத் திருப்பி வைத்தால் போதும். இன்று தரவு நிலையம் கட்டுவோர் முதலில் பார்ப்பது அந்த அமைப்பைத்தான்.

குளிரூட்டும் துறைப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே, 2004இல் இந்த அறைகளுக்கு 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை போதும் என்று பரிந்துரைத்தது. 2008இல் அதை 18 முதல் 27 வரை என்று விரித்தது. 27 டிகிரி என்பது நம்மில் பலர் வீட்டில் மின்விசிறியோடு சமாளிக்கும் வெப்பநிலைதான். ஆயினும் பல நிலையங்கள் 22 டிகிரிக்கும் கீழேயே நின்றன. அதிகமாகக் குளிரூட்டியதற்காக யாரும் வேலை இழந்ததில்லை. கணினி சூடாகி நின்றால் பதில் சொல்ல வேண்டும்.

குளிர் நாடுகளில் இந்தத் தயக்கத்தின் விலை அவ்வளவாகத் தெரியாது. அங்கே ஆண்டின் பெரும்பகுதி சன்னலுக்கு வெளியே இருக்கும் காற்றையே உள்ளே விட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரில் அது நடக்காது. பகலில் வெளியே 31, 32 டிகிரி, அதோடு பிசுபிசுக்கும் ஈரப்பதம். கூரையில் இருக்கும் குளிர்விப்புக் கோபுரங்கள் தண்ணீரை ஆவியாக்கித்தான் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வேலையும் மந்தமாகிறது. ஆகவே சில்லர் இயந்திரங்கள் இரவு பகலாக, 365 நாளும் ஓட வேண்டும். வெப்பமண்டலத் தரவு நிலையம் ஒன்றின் மொத்த மின்சாரத்தில் 40 விழுக்காடு வரை குளிரூட்டுவதற்கே போய்விடலாம்.

இந்தக் கணக்கு ஒரு கட்டத்தில் நாட்டின் கணக்கானது. 2020இல் சிங்கப்பூரின் மொத்த மின்பயன்பாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்குப் போனது. அதற்கு முந்திய ஆண்டே புதிய நிலையங்களுக்கு நிலமும் அனுமதியும் வழங்குவதை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்தது. கதவு மறுபடி திறக்க 2022 ஆனது. இடைப்பட்ட காலத்தில் நிறுவனங்கள் பல பாலத்துக்கு அப்பால் ஜோகூரைத் தேடிப் போயின. மின்சாரமும் தண்ணீரும் போதுமா என்ற கேள்வியும் அவற்றோடு ஜோகூருக்குப் போய்ச் சேர்ந்தது.

2023 ஜூனில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கென்றே ஒரு தர அளவுகோலை வெளியிட்டது. அறை வெப்பநிலையைப் படிப்படியாக 26 டிகிரிக்கும் அதற்கு மேலும் உயர்த்தலாம் என்றது. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும் என்பது ஆணையத்தின் கணிப்பு.

வங்கிகள் முடங்கியது அதற்கு நான்கே மாதம் கழித்து. 26 டிகிரி யோசனைக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் தயங்கியவர்களின் அச்சம் என்னவென்பதை அந்தச் சனிக்கிழமை காட்டியது. குளிர்நீர் நின்றுவிட்டால், ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் அறை தாக்குப்பிடிக்க இன்னும் சில நிமிடங்கள் கிடைக்கும். 26 டிகிரியில் தொடங்கும் அறைக்கு அந்த அவகாசம் குறைவு. இது வெறும் சாக்கு அல்ல. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காக ஆண்டு முழுவதும் மின்சாரத்தைக் கொட்டுவதைவிட, சேமிப்புத் தொட்டியையும் வால்வையும் மாற்று நிலையத்தையும் ஒழுங்காகச் சோதித்து வைப்பது மலிவு. அக்டோபர் 14ஆம் தேதி கைவிட்டவை அவைதாம்.

அவ்வாண்டு நேர்ந்த தொடர் தடங்கல்களுக்காக, டிபிஎஸ் வங்கி அவசியமற்ற தகவல் தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதங்களுக்குச் செய்யக்கூடாது என்று நாணய ஆணையம் நவம்பர் 1ஆம் தேதி அறிவித்தது. தரவு நிலையங்கள் எதிர்பாராத தடங்கலைச் சமாளிப்பது பற்றிய வழிகாட்டிக் குறிப்புகள் 2025 பிப்ரவரியில் வெளிவந்தன.

இதற்கிடையே சில்லுகள் மீண்டும் சூடாகிவிட்டன. செயற்கை நுண்ணறிவுக்காக 2024இல் என்விடியா அறிவித்த ஓர் அடுக்கு மட்டும் ஏறத்தாழ 120 கிலோவாட் மின்சாரம் கேட்கிறது. எனியாக் ஓர் அறை முழுக்கக் கக்கிய வெப்பத்துக்குச் சற்றே குறைவான வெப்பம், இன்று ஓர் அலமாரிக்குள் இருந்து வருகிறது. அதைக் காற்றால் அடக்க முடியாது. 1990களில் கழற்றிப்போட்ட தண்ணீர்க் குழாய்களை இப்போது மறுபடி பொருத்திக் கொண்டிருக்கிறார்கள், இம்முறை சில்லின் தலைமேலேயே.