கையைக் கட்டுவது எது: டில்லியும் பெல்பாஸ்ட்டும்

ஒரு பொலிஸ் நாடகத் தொடர் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்க்க நான் ஒரே கேள்விதான் கேட்பேன். இதில் வரும் பொலிஸ்காரரால் எதைச் செய்ய முடியவில்லை? கொலையாளி யார் என்பது சில மாதத்தில் மறந்துபோகும். துப்பாக்கிச் சண்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதிகாரி எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார், அவர் கையைக் கட்டிப்போட்டது எது என்பது மட்டும் மனதில் தங்கும். அந்தக் கேள்வியோடு இரண்டு தொடர்களைப் பக்கம்பக்கமாக வைக்கிறேன்: 2019 மார்ச்சில் நெட்பிளிக்ஸில் வந்த 'டெல்லி கிரைம்' முதற்பருவம், 2023 மார்ச்சில் பிபிசியில் தொடங்கிய 'புளூ லைட்ஸ்'. முதலாவது பக்கத்து நாட்டுக் கதை. இரண்டாவது எங்கோ வட அயர்லாந்தில், பெல்பாஸ்ட் நகரத்தில் நடக்கிறது. ஆனால் கிழக்கிலங்கையின் மாங்கேணியில் இருந்து பார்க்கும்போது பெல்பாஸ்ட்தான் கிட்டத்தில் இருக்கிறது.

'டெல்லி கிரைம்' 2012 டிசம்பர் 16 இரவு டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையின் விசாரணையைச் சொல்கிறது. இயக்குநர் ரிச்சி மேத்தா கனடாவில் வளர்ந்தவர். டில்லி பொலிஸ் ஆணையராக இருந்த நீரஜ் குமார் வழியாக வழக்கு விவரங்களையும் விசாரித்த அதிகாரிகளையும் நெருங்கி, ஆண்டுக்கணக்கில் தகவல் திரட்டி ஏழு பகுதிகளாக எழுதினார். ஷெஃபாலி ஷா நடித்த வர்த்திகா சதுர்வேதி, தென் டில்லித் துணை ஆணையராக இருந்த சாயா சர்மாவை ஒட்டிப் படைக்கப்பட்ட பாத்திரம். 2020இல் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எமி விருது இதற்குக் கிடைத்தது. அந்த விருதை வென்ற முதல் இந்தியத் தொடர் இதுதான்.

இதன் முதல் நேர்மை, பஸ்ஸுக்குள் நடந்ததைக் காட்டாமல் விட்டது. கெமரா அங்கே போகவே இல்லை. இரண்டாவது, வேலையைக் காட்டிய விதம். வீதியோர ஹோட்டல் ஒன்றின் சிசிடிவியில் ஒரு வெள்ளைப் பஸ் தெரிகிறது. உண்மை வழக்கிலும் அப்படித்தான்: பக்கத்தில் 'யாதவ்' என்ற எழுத்து, முன் சக்கரத்து மூடி இல்லை. இந்த இரண்டு அடையாளங்களை வைத்துக்கொண்டு, டில்லியில் ஓடும் வெள்ளைப் பஸ்களுக்குள் அந்த ஒன்றைத் தேட வேண்டும். பட்டியல் எடுக்கிறார்கள், தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள், நேரில் போய்ப் பார்க்கிறார்கள், திரும்பி வருகிறார்கள். வர்த்திகா வீட்டுக்குப் போகாமல் வசந்த் விஹார் நிலையத்திலேயே கிடக்கிறார். பயிற்சியில் இருக்கும் இளம் அதிகாரி நீதியை (ரசிகா துகல்) ஆஸ்பத்திரியில், பெண்ணின் பெற்றோருக்குத் துணையாக நிறுத்துகிறார்கள். அந்தப் பெண் அதிகாரிக்கு அங்கே துப்புத்துலக்க ஒன்றுமில்லை. ஒரு தாயின் முகத்துக்கு முன்னால் நிற்பதுதான் அவளுடைய கடமை. தொடரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

அப்படியானால் வர்த்திகாவின் கையைக் கட்டுவது எது? ஆட்பற்றாக்குறை, வசதிக்குறைவு, மேலிடத்து அரசியல், வாசலில் திரண்ட ஊடகம், வீதியில் கொதிக்கும் சனம். எல்லாமே வெளியிலிருந்து வருபவை. தொடரின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. பொலிஸ் கோப்பிலிருந்து பிறந்த கதை பொலிஸ் கண்ணாலேயே பார்க்கிறது. வீதியில் நின்ற சனம் ஏன் அவ்வளவு கோபத்தோடு வந்தது, இதே நிலையங்களில் அதற்கு முன் எத்தனை பெண்களின் முறைப்பாடு எடுபடாமல் போனது என்ற கேள்விக்குள் கதை நுழையவில்லை. பொலிஸ் பக்கம் சாய்ந்த தொடர் என்று அப்போதே விமர்சகர்கள் எழுதினார்கள். அது நியாயமான குற்றச்சாட்டு என்பதே என் எண்ணமும்.

'புளூ லைட்ஸ்' மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. டெக்லன் லோன், ஆடம் பாட்டர்சன் இருவரும் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் வேலை செய்த செய்தியாளர்கள். அவர்கள் உயரதிகாரியை விட்டுவிட்டு, தகுதிகாண் காலத்தில் இருக்கும் மூன்று புதியவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். கிரேஸ் நாற்பது தாண்டிய தாய், முன்பு சமூகப் பணியாளராக இருந்தவர். டொமி படிப்பில் கெட்டிக்காரன், ஆனால் சுடுவதில் தேறமுடியாதவன். அனி கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். தான் பார்க்கும் வேலையை ஊருக்கு மறைத்து வைத்திருப்பவள்.

ஏன் மறைக்க வேண்டும் என்பதற்கு வரலாறு தேவை. வட அயர்லாந்தின் பழைய பொலிஸ் படை பெரும்பாலும் புரொட்டஸ்டன்ட்காரர்களால் ஆனது. கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப்பேர் அளவில்தான் இருந்தார்கள். 1998 ஏப்ரல் சமாதான ஒப்பந்தத்துக்குப் பின், 1999இல் பாட்டன் ஆணைக்குழு அறிக்கை வந்தது. 2001 நவம்பரில் படையின் பெயரே மாறியது. பத்து ஆண்டுகளுக்கு, புதிதாகச் சேர்ப்போரில் பாதிப்பேர் கத்தோலிக்கர் என்று சட்டம் வைத்தார்கள். படையில் கத்தோலிக்கரின் பங்கு முப்பது வீதத்தை எட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் பெல்பாஸ்ட் பொலிஸார் காலையில் காரை எடுக்கும் முன் குனிந்து அடியில் குண்டு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முதல் பகுதி ஒளிபரப்பாவதற்கு ஒரு மாதம் முந்தி, 2023 பெப்ரவரியில், ஓமா நகரில் ஓர் உயர் புலனாய்வு அதிகாரி பிள்ளைகளின் உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்த இடத்தில் சுடப்பட்டுப் படுகாயமடைந்தார். எழுத்தாளர்கள் கற்பனையில் பயத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தத் தொடரில் கையைக் கட்டும் கயிறுகள் இரண்டு. ஒன்று, வீதியின் பார்வை. ரோந்துக் கார் ஒரு குடியிருப்புக்குள் திரும்பியதும் கதவுகளும் வாய்களும் மூடிக்கொள்கின்றன. கிரேஸ் ஒரு தாய்க்கும் அவளுடைய பதின்பருவ மகனுக்கும் உதவத் துடிக்கிறாள். சமூகப் பணியாளராக இருந்திருந்தால் அந்த வீட்டுக்குள் இருந்து பேசியிருக்கலாம். சீருடையோடு போவதால் அந்தத் தாய்க்கு அக்கம்பக்கத்தில் ஆபத்து. மற்றது, சில இடங்களுக்குள் போகவே கூடாது என்று மேலிருந்து வரும் உத்தரவு. காரணம் சொல்ல மாட்டார்கள். அந்த இடத்தில் உளவுத்துறையின் ஆள் ஒருவன் இருக்கிறான். போதைப்பொருள் விற்பவனே அரசுக்கு ஆள். குற்றம் கண்முன்னே நடந்தாலும் சாதாரண பொலிஸ்காரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். வர்த்திகா எல்லாக் கதவையும் தட்டுகிறார், ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று திறக்கிறது. கிரேஸுக்குத் தட்டவே அனுமதியில்லாத கதவுகள் இருக்கின்றன.

இதைப் பார்த்தபோது எனக்கு அயர்லாந்து ஞாபகமே வரவில்லை. மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் வடக்கே வந்தால் மாங்கேணி, பிறகு பனிச்சங்கேணிப் பாலம், அதற்கப்பால் வாகரை. 2007 ஜனவரி வரை வாகரை புலிகளின் நிர்வாகத்தில் இருந்தது, மாங்கேணியில் இராணுவ முகாம் இருந்தது. சில மைல் தூரத்துக்குள் இரண்டு அதிகாரம். யாரோடு பேசினாய், யாரிடம் போனாய் என்று இரு பக்கமும் கேட்கப்பட்ட சனம் வாயை மூடப் பழகிக்கொண்டது. பெல்பாஸ்ட் குடியிருப்பில் மூடிய அந்தக் கதவுகளை எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை.

யுத்தம் முடிந்த பின்னும் ஒரு கயிறு மிச்சம். இங்கே சாதாரண மனிதர் பொலிஸ் நிலையத்துக்குப் போவது கொலை வழக்குக்காக அல்ல. அடையாள அட்டை தொலைந்தால் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும், வாவியில் போட்ட வலை களவு போனால் ஒரு பதிவு வேண்டும். "தனியப் போகாத மனே, சிங்களம் தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டித்துப் போ" என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புவார்கள். மேசைக்கு அப்பால் இருப்பவர் கேட்கிறார், கூட வந்தவர் சொல்கிறார், புத்தகத்தில் சிங்களத்தில் ஏறுகிறது. வலை போட்ட இடம், மிதவையின் நிறம், கடைசியாகப் பார்த்த நேரம் எல்லாம் இரண்டு வாய் கடந்து போகின்றன. சொன்னது சரியாக ஏறியதா என்று தெரியாமலே கீழே கையெழுத்து விழுகிறது. கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011இலேயே பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணிநேரமும் இருமொழி தெரிந்தவர் இருக்க வேண்டும், வாக்குமூலத்தைச் சொல்பவர் தன் மொழியிலேயே பதிவுசெய்ய உரிமை வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1987இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தில் மாகாணங்களுக்கென்று எழுதிய பொலிஸ் அதிகாரம் இன்னும் தாளில்தான் இருக்கிறது. பாட்டன் அறிக்கை பெல்பாஸ்ட்டில் ஆட்சேர்ப்பையே மாற்றியதை நினைத்தால் வேதனை கூடுகிறது.

தமிழ்நாட்டுத் தொடர்கள் எங்கள் வீடுகளில் நன்றாகவே ஓடுகின்றன. 2022இல் வந்த 'விலங்கு' கிராமப்புற நிலையத்தின் மணத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு 'சுழல்' மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குள் ஒரு சிறுமி காணாமல் போன கதையைச் சொன்னது. நல்ல ஆக்கங்கள். ஆனால் அங்கே ஏட்டும் எஸ்.ஐ.யும் முறைப்பாடு கொடுப்பவரும் ஒரே மொழியில் சண்டை பிடிக்கிறார்கள். எங்கள் நிலையத்தின் மேசை அங்கே இல்லை.

எங்கள் மேசையை வைத்து யார் எழுதுவது? 'புளூ லைட்ஸ்' செய்தியாளர்கள் எழுதியது. அமெரிக்காவின் 'த வயர்' தொடரைப் படைத்த டேவிட் சைமனும் பால்டிமோர் பத்திரிகையில் பொலிஸ் செய்தி எழுதியவர். மட்டக்களப்பிலும் அப்படிப்பட்ட செய்தியாளர்கள் இருந்தார்கள். ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த மண்ணின் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர்கள் தலைமுறையில் தப்பிய குறிப்பேடுகளும், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களின் அனுபவமும், ஓய்வுபெற்ற தமிழ்ச் சார்ஜன்ட்மாரின் ஞாபகமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. முதல் பகுதிக்குப் பிணம் தேவையில்லை. வலை தொலைத்த ஒருவர், அவரோடு வந்த மருமகன், தமிழ் தெரியாத ஒரு நல்ல கொன்ஸ்டபிள், ஒரு புத்தகம் இருந்தால் போதும்.