எடையின்மையைத் தேடி: மாணவர் விண்வெளிச் சோதனைகளும் தமிழகமும்

பழநியை அடுத்த ஆயக்குடி, கொய்யாச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். அதே திண்டுக்கல் மாவட்டத்தில், மலைமேல் உள்ள கொடைக்கானலில், 1899இல் நிறுவப்பட்ட சூரிய வானாய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் அங்குதான் கண்டறிந்தார். கீழே விதை, மேலே வானம் என்றிருக்கும் இந்த மண்ணின் மாணவர்கள் விண்வெளி நிலையத்திடம் என்ன கேட்கலாம்? அதற்கு விடை காண, மாணவர் சோதனைகள் கடந்துவந்த பாதையைப் பார்க்க வேண்டும்.

1973இல் பறந்த அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையத்துக்காகப் பள்ளி மாணவர்களிடம் சோதனை யோசனைகள் கேட்கப்பட்டன. வந்தவை 3,409, தேர்வானவை 25. எடையற்ற நிலையில் சிலந்தி வலை பின்னுமா என்று கேட்டவர் ஜூடித் மைல்ஸ் என்ற மாணவி. அராபெல்லா, அனிதா என்ற இரு சிலந்திகள் மேலே சென்றன. முதலில் பின்னிய வலைகள் தாறுமாறாக இருந்தன. பின்னர் ஓரளவு சீரடைந்தன. இழையின் தடிப்பு மட்டும் இடத்துக்கு இடம் மாறியது. வேறு இரு மாணவர்களின் யோசனைப்படி நெல் விதைகளும் முளைக்க வைக்கப்பட்டன. தண்டுகள் திசை தெரியாமல் வளைந்தன. வேர்நுனிச் செல்களில் மாவுமணிகள் கீழே படிவதைக் கொண்டே செடி ‘கீழ்’ எது என்று உணர்கிறது. எடையின்மையில் அவை படிவதில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் இச்செய்தியை மாணவர்களின் கேள்வி கண்முன் கொண்டுவந்தது.

தமிழகத்தின் பாதை வேறாக, செயற்கைக்கோள் வழியாக அமைந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009இலும், எஸ்.ஆர்.எம்.சாட் 2011இலும், சத்யபாமாசாட் 2016இலும் இஸ்ரோ ஏவிய ராக்கெட்டுகளில் சென்றன. முதலாவது தகவல் தொடர்புக்கானது. மற்ற இரண்டும் வளிமண்டல வாயுக்களை அளக்கச் சென்றவை. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கும் குழுவினரும் உருவாக்கிய 64 கிராம் கலாம்சாட், 2017 ஜூனில் நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் சிறிது நேரம் பறந்து திரும்பியது. எல்லாமே பாராட்டத்தக்க சாதனைகள். ஆனாலும் இவற்றில் பெரும்பாலானவை பூமியை நோக்கின, அல்லது கருவி தாக்குப்பிடிக்குமா என்று பார்த்தன. எடையின்மையையே ஆய்வுக்கூடமாகக் கொண்ட கேள்வி இங்கு முன்வரவில்லை. மாணவர் திறமையில் குறை ஏதுமில்லை. சொந்த விண்வெளி நிலையம் இல்லாத நாட்டில், கிடைத்த வாய்ப்பு செயற்கைக்கோளாகவே இருந்தது என்பதே காரணம் என்று கருதுகிறேன்.

அந்நிலை 2019 ஜனவரி 24 அன்று மாறத் தொடங்கியது. செயற்கைக்கோளை விடுவித்தபின் குப்பையாகும் பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் அடுக்கையே சுற்றும் மேடையாக்கியது இஸ்ரோ. அதை முதலில் பயன்படுத்தியது, சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியாவின் கலாம்சாட்-வி2. அதே அமைப்பு 750 மாணவியரைக் கொண்டு உருவாக்கிய ஆசாதிசாட், 2022 ஆகஸ்டில் ராக்கெட் சரியான பாதையை எட்டாததால் இழக்கப்பட்டது. அடுத்த பிப்ரவரியிலேயே ஆசாதிசாட்-2 வெற்றிகரமாகச் சுற்றுப்பாதை அடைந்தது. தளராத அந்த மாணவியரின் பெயர்களே இந்த வரலாற்றில் முதலில் எழுதப்பட வேண்டியவை.

2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட போயம்-4 என்ற நான்காம் அடுக்கு மேடையில் தட்டைப்பயறு நான்கு நாளில் முளைத்தது. அது இஸ்ரோவின் சோதனை. அதே மேடையில் கல்வி நிறுவனங்களின் உயிரியல் கருவிகளும் இருந்தன. 2025இல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்தார். அச்சோதனை தார்வாட்டில் உருவானது. இனி நம் பள்ளிகளின் முறை. 2035க்குள் இந்தியாவின் சொந்த நிலையத்தை அமைப்பது திட்டம்.

ஆயக்குடியின் கொய்யா விதை முளைக்க வாரக்கணக்கில் ஆகும். விரைவில் முடிய வேண்டிய சோதனைக்குப் பயறும் நெல்லுமே ஏற்றவை. ஆயத்தத்தைத் தரையிலேயே தொடங்கலாம். கிடை அச்சில் மெல்லச் சுழலும் கிளினோஸ்டாட் என்ற எளிய கருவியில் விதையைப் பொருத்தினால், ஈர்ப்பின் திசை மாறிக்கொண்டே இருப்பதால் வேர் தடுமாறும். இக்கருவியை ஐ.நா. விண்வெளி அலுவலகம் பல நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு வழங்கியிருக்கிறது. சிறிய மோட்டார், தட்டு, ஈரத்தாள் கொண்டு ஓர் அரசுப் பள்ளி ஆய்வகத்திலும் இதைச் செய்துவிடலாம். சுழலாத தட்டில் இன்னொரு தொகுதி விதைகளையும் வைத்து, இரண்டின் வேர்க்கோணங்களையும் நாள்தோறும் அளந்து குறிக்க வேண்டும். விண்ணுக்குச் செல்லும் எந்தச் சோதனைக்கும் தரையில் இத்தகைய ஒப்பீட்டுப் பதிவு தேவை.